காம்ப் காணியில் வைத்த காடு

மரம் நடுவதற்கு அரசாங்கம் நகரங்களுக்கு மானியம் கொடுக்கப் போகிறது என்ற சுற்றறிக்கையை நகரசபையில் எங்கள் பிரிவுத் தலைவர் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அலுவலகத்தில் மூன்று மொழியிலும் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான்.

"மிஸ், இத எப்படியாவது எங்கட டவுனுக்கு எடுத்துத் தாங்க. ரோட்ட அகலமாக்குறம் எண்டு இருந்த மரமெல்லாம் வெட்டியாச்சு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு ஒரு நிழல் இல்ல" என்றார்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் சொன்னதில் பொய்யில்லை. உப்பளங்களின் மேலாகச் சோழகக் காற்று வீசும் மாதங்களில் புத்தளம் நகரத்தில் நடந்தால் கண் எரியும். உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். வீதியோரத்தில் அலையும் கழுதைகள்கூடக் கடைகளின் தகரக் கூரைக்குக் கீழே வந்து நிற்கும்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நகர எல்லைக்குள் அரச காணி வேண்டும். அதில் குடியிருப்போ வழக்கோ இருக்கக்கூடாது. அப்படி ஒரேயொரு காணிதான் எங்களிடம் இருந்தது. தில்லையடிப் பக்கம், உடை முள் மண்டிக் குப்பை கொட்டுகிற இடமாகிப் போயிருந்த காணி. விண்ணப்பப் படிவத்தில் 'காணியின் முன்னைய பாவனை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் 'எதுவுமில்லை, வெறுங்காணி' என்று எழுதினேன்.

அந்தக் காணியில் நான் பதினொரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். 'அகதி முகாம்' என்று எழுதியிருந்தால் கேள்விகள் வரும். யார் இருந்தது, எப்போது போனது, யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று மாவட்டக் கச்சேரிக்கும் எங்களுக்கும் இடையில் கடிதம் போய்க்கொண்டே இருக்கும், மானியம் வேறு நகரத்துக்குப் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அலுவலகத்தில் பல வருஷமாக என்னை ஒருவரும் அகதி என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை என் கையாலேயே எழுத எனக்கு விருப்பமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கம் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. உம்மாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, அங்கிருந்து லொறியில் இந்தக் காணிக்கு வந்தோம். ஊர்ச் சனங்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்து தந்தார்கள், உடுப்புத் தந்தார்கள். கிடுகும் கம்பும் தந்தார்கள். வரிசை வரிசையாகக் குடில்கள் எழும்பின. நடுவில் ஒரு கிணறு வெட்டினார்கள். அதற்குக் காம்ப் என்று பெயராயிற்று.

நாங்கள் வந்து ஒரு மாதத்தில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்த மழை. குடிலுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கட்டில் இல்லாததால், மரப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் உம்மாவைப் படுக்க வைத்திருந்தார் வாப்பா. உம்மாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. மூன்றாம் நாள் காலையில், பக்கத்துக் குடில் மனிசி ஒருத்தி கூட இருக்க, குழந்தை பிறந்தது. அது அழவில்லை.

வாப்பா ஊரை விட்டு வரும்போது தன் ஜும்மாச் சாரத்தை எடுத்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உடுக்கும் வெள்ளைச் சாரம். அதைப் பாதியாகக் கிழித்து, குழந்தையைச் சுற்றினார். வீதி தண்ணீருக்குள் கிடந்தது. அடக்கம் செய்யும் மையவாடி தூரம். அதைவிட, வந்து ஒரு மாதமேயான ஊரில் யாரிடம் போய்க் கபுறுக்கு இடம் கேட்பது என்ற வெட்கம் வாப்பாவிடம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். சோற்றை வாங்கிக் கொண்ட கையால் இதையும் கேட்க அவருக்கு முடியவில்லை.

குடிலுக்குப் பின்னால் ஒரு விளாமரம் நின்றது. அதனடியில் வாப்பா மண்வெட்டியால் தோண்டினார். நான் ஒரு பொலித்தீன் விரிப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. வாப்பா ஒரு தகரப் பேணியால் அதை அள்ளி அள்ளி ஊற்றினார். குறையவில்லை. கடைசியில் பேணியை என்னிடம் தந்துவிட்டு, குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ அள்ளு புள்ள" என்றார். நான் குனிந்து அள்ளினேன். வாப்பா ஓதினார். ஒரு கணம் குழியின் அடி தெரிந்தது. "போதும்" என்றார்.

கைகளைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது சொன்னார்: "உம்மா கேட்டா மையவாடியில அடக்கினம் எண்டு சொல்லு. அவ தாங்கமாட்டா."

காய்ச்சல் விட்டதும் உம்மா வாப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டா. "நீயும் வாப்பாவோட போனியா? எந்தப் பக்கம் அடக்கின?" நான் மையவாடியைக் கண்டதே இல்லை. "மதிலோரம் உம்மா. ஒரு வேம்புக்குக் கீழ" என்றேன். அந்த வேம்பு நானாகச் சொன்னது. வாப்பா சொல்லித் தந்ததில் வேம்பு இல்லை.

பிறகு ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். மையவாடியின் மதிலோரம் உண்மையாகவே ஒரு வேம்பு நின்றது.

அன்றிலிருந்து உம்மாவுக்கு அந்த வேம்புதான் அடையாளம். எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் மதிலுக்கு வெளியே, வேம்பு தெரிகிற இடத்தில் நின்று ஓதுவா. நாங்கள் தில்லையடியில் ஒரு துண்டு காணி வாங்கி, கல்வீடு கட்டி, காம்பை விட்டுப் போன பிறகும் அது நிற்கவில்லை. வாப்பா மௌத்தாகி அதே மையவாடியில் அடக்கப்பட்ட பிறகு உம்மாவுக்கு அங்கே இரண்டு பேர் ஆனார்கள். ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்காமல், உள்ளேயிருந்தே கையேந்துவா. நான் பக்கத்தில் இருந்து மறுபக்கக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவரிடம் நான் தனியாக இருந்த மணித்தியாலங்கள் உண்டு. இதை இனி உம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மானியம் கிடைத்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அடுத்த நாள் ஒப்பந்தத்தோடு வேலைத்திட்டம் வந்தது. நகரக் காடு என்பது தூரம் தூரமாக மரம் வைப்பதல்ல என்று அதில் இருந்தது. காணி முழுவதையும் ஒரு மீற்றர் ஆழத்துக்குத் தோண்டிப் புரட்டி, மாட்டெருவும் தென்னந்தும்புத்தூளும் கலந்து, நெருக்கமாகக் கன்றுகளை நட வேண்டும். அப்போதுதான் வேர் கீழே போகும், சில வருஷத்திலேயே காடாகும். இந்தப் பகுதி விண்ணப்பத்தின் இணைப்பிலேயே இருந்தது. நான் வாசிக்காமல் கையொப்பத்துக்கு அனுப்பியிருந்தேன்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனேன். வெயிலில் நாலைந்து கழுதைகள் அசையாமல் நின்றன. அவற்றைத் தவிர ஒருவருமில்லை. குடில்கள் இல்லை. சனங்களில் பாதிப்பேர் மன்னாருக்குத் திரும்பிப் போயிருந்தார்கள், மற்றவர்கள் சுற்றுப்புறங்களில் வீடு கட்டியிருந்தார்கள். விளாமரம் எப்போதோ விறகாகிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே அடையாளம், மண் நிரப்பி மூடிய கிணற்றின் சீமெந்து வளையம்.

எங்கள் குடில் வாசலில் நின்றால் காலை வெயில் முகத்தில் அடிக்கும். கிணறு இடது கைப்பக்கம் இருக்கும். அப்படியானால் குடில் கிணற்றுக்குத் தெற்கே. குடிலின் முதுகுப்பக்கம் விளாமரம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். பாடசாலைக்குப் போகுமுன் தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து வைக்கிற கல், அடுப்படி, கொடிக்கயிறு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நின்ற இடத்தில் நாலு பக்கமும் தடி ஊன்றிச் சிவப்பு நாடா கட்டினேன். அந்த இடம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

மரநடுகையை மேற்பார்வை செய்ய மானியம் தருகிற பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களம்தான், ஆனால் பாட்டன்மார் கதைத்த தமிழ் அவர் நாக்கில் இன்னும் இருந்தது.

"சேர், இந்தத் துண்ட மட்டும் பெக்கோ போட்டுத் தோண்டாம விடேலுமா?" என்று கேட்டேன்.

"ஏன் மிஸ், கீழால பைப் போகுதா?"

"இல்ல சேர்."

நான் சொன்னேன். வாப்பாவையும் மழையையும் பேணியையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதை இன்னொரு மனிதருக்குச் சொன்னேன், அதுவும் அறிமுகமாகி இரண்டு நாளான ஒருவருக்கு. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேற்கே கடற்களப்புப் பக்கம் பார்த்தார்.

"இத எழுதினா எல்லா வேலையும் நிக்கும். எழுதாட்டி ஏன் தோண்டேல்ல எண்டு கேப்பாங்க" என்றார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அடியில கல்லு எண்டு போடுறன். கல்லப் பத்தி ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதில புல்லு வளரட்டும்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெக்கோ இயந்திரம் மூன்று நாள் வேலை செய்தது. வடக்குப் பக்கமாகத் தொடங்கி வந்தது. நாங்கள் இருந்த வாழ்க்கை மண்ணோடு வெளியே வந்தது. இறப்பர்ச் செருப்புகள், எனாமல் கோப்பை, பாதி எரிந்த கம்புகள், பிள்ளைகளின் கண்ணாடி வளையல் துண்டுகள். ஒரு தரம் கோட்டுக்குள் எழுதிய பக்கங்களோடு ஒரு பயிற்சிக் கொப்பி வந்தது. எடுத்ததும் உதிர்ந்தது. சாரதி ஏதாவது பொருளைக் கண்டால் வாளியை நிறுத்தி, இறங்கி, அதை எடுத்து ஓரமாக வைப்பான். யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நான் நாடா கட்டிய துண்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இயந்திரம் அதைச் சுற்றிக்கொண்டு போனபோது தளர்ந்திருந்த நாடாவை இழுத்துக் கட்டினேன்.

நாலாம் நாள் வண்ணாத்திவில்லு நாற்று மேடையிலிருந்து கன்றுகள் லொறியில் வந்தன. பாலை, வீரை, நாவல், மருது, புங்கை. நடுவதற்கு அக்கம்பக்கத்துப் பெண்களை நாள் சம்பளத்துக்கு எடுத்திருந்தோம். அவர்களில் ஒருத்தியை எல்லாரும் ராத்தா, அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள், காம்பின் மறுகோடியில் எங்களைப் போலவே இருந்தவ. அவ நாடா கட்டிய துண்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தா.

"இது என்னத்துக்கு மிஸ் விட்டிருக்கு?"

"அடியில கல்லு ராத்தா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா. "எனக்குக் கல்லெண்டு சொல்லாதீங்க. இந்த மண்ணுல கல்லு எங்க இருக்கு? யாரு, உங்கட உம்மாட புள்ளையா?"

தலையை ஆட்டினேன்.

"அந்த மழையில மையவாடிக்கு யாரு போன? என்ட மச்சிட புள்ளயும் இங்கதான். இன்னும் ரெண்டு மூண்டு பேர்ட இருக்கு."

"எந்த இடத்துல ராத்தா?"

கையில் இருந்த கன்றால், எருக் கலந்து மட்டப்படுத்திய கறுத்த மண்ணைக் காட்டினா. "முந்தாநாள் பெக்கோ போச்சுதே, அங்க."

"ஏன் ஒண்டும் சொல்லேல்ல? நான் நிப்பாட்டியிருப்பனே!"

"யாரிட்ட சொல்ற? வெறுங்காணி எண்டு எழுதித்தானே காசு எடுத்தீங்க. எங்கட புள்ளயள் வெறுங்காணியிலயா கிடக்கு எண்டு வந்து கேக்கவா?" கோபமாகச் சொல்லவில்லை. விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, குந்தியிருந்து கன்றை நட்டா. மண்ணை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினா, குழந்தையைத் தட்டுவது போல. பிறகு அடுத்த குழிக்குப் போனா.

அன்று வேலை முடியும் வரை நான் அவ நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் உம்மாவிடம் சொன்னேன்.

உம்மா அப்போது அசர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே இருந்தா. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மையவாடி இல்லை உம்மா, விளாமரத்தடி என்றேன். வாப்பா சொன்னதைச் சொன்னேன். வேம்பு நான் சொன்ன பொய் என்றும் சொன்னேன்.

உம்மா நெடுநேரம் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தா. "வாப்பா சொன்னது சரி. அப்ப நான் தாங்கியிருக்கமாட்டன்" என்றா. பிறகு என்னைப் பார்த்தா. "ஆனா நீ? நான் ஓட்டோவ நிப்பாட்டி ஓதக்குள்ள ஒவ்வொரு கிழமையும் பக்கத்துல இருந்தியே. எப்படிப் புள்ள இருந்த?"

உம்மா எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

காலையில் நான் எழும்பியபோது அபாயா உடுத்து, கதிரையில் தயாராக இருந்தா. "என்னக் கூட்டிக்கொண்டு போ" என்றா.

காணிக்குள் நுழைந்ததும் உம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டா. நான் அவவை நாடா கட்டிய துண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த ஒரு துண்டையாவது நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

உம்மா கிணற்று வளையத்தையும் அந்தத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தா.

"இங்க என்னத்துக்கு வந்த?"

"இதான் உம்மா எங்கட குடில் இருந்த இடம். பின்னாலதான் விளாமரம்."

"இது ரெண்டாவது குடில் புள்ள."

"ரெண்டாவதா உம்மா?"

"முதல் குடில் அந்த மழையிலேயே விழுந்திட்டுது. தண்ணி நிக்குது எண்டு பிறகு எங்கள இந்தப் பக்கம் மாத்தின. முதல் குடில் கிணத்துக்கு வடக்கால. வாசல் களப்புப் பக்கம் பார்த்தது. அந்தியில அடுப்படிக்குள்ள வெயில் வரும், கண்ணக் கூசும். உனக்கு நினைவில்லையா?"

எனக்கு நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. முதல் குடிலில் நான் ஒரு மாதம்தான் இருந்திருக்கிறேன், இரண்டாவதில் மிச்ச வருஷமெல்லாம். என் மனம் அந்த விளாமரத்தை வேரோடு பிடுங்கி, வாழ்ந்து பழகிய குடிலுக்குப் பின்னால் கொண்டுவந்து நட்டிருக்கிறது. என் பேணியையும் வாப்பாவின் மண்வெட்டியையும் மழையையும் அதே மாதிரித் தூக்கிக் கொண்டுவந்திருக்கிறது. குடில் எங்கே என்று உம்மாவுக்குத் தெரியும், குழந்தை எங்கே என்று தெரியாது. குழந்தை மரத்தடியில் என்று எனக்குத் தெரியும், குடில் எங்கே என்று தெரியாது. ஒரு வீட்டுக்குள் இத்தனை காலம் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருநாள், ஒரேயொரு நாள், நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

உம்மா வடக்குப் பக்கம் நடந்தா. பெக்கோ முதல் நாளே புரட்டிய பக்கம் அது. வரிசைக் கன்றுகள் ஏற்கெனவே நின்றன. ஓரிடத்தில் நின்று களப்பைப் பார்த்தா, கிணற்றைப் பார்த்தா, இரண்டடி பின்னுக்கு வந்தா. "இந்த மட்டுலதான்" என்றா. காலுக்குக் கீழே எருவும் தும்பும் கலந்த கறுத்த மண் மெத்தென்று இருந்தது. அது எங்கிருந்து எங்கே புரண்டு வந்த மண் என்று யாரால் சொல்ல முடியும்?

நான் உம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன். அவ இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவுமில்லை.

அங்கே வந்த ராத்தா, உம்மாவைக் கண்டு ஸலாம் சொன்னா. இருவரும் பல வருஷத்துக்குப் பிறகு காண்கிறார்கள். ஒன்றும் கேட்காமலே ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. ஒரு வீரைக் கன்றை எடுத்து நீட்டினா. "நீங்க ஒண்டு வைங்க. மனசு ஆறும்."

உம்மா கன்றை வாங்கவில்லை. "நான் நடமாட்டன். திரும்பவும் அந்த மண்ணக் கிண்டவா?" என்றா.

கன்றுகள் எல்லாம் நட்டு முடிந்து, வேலி அடைத்து, திறப்பு விழா வைத்தார்கள். கூடாரம், ஒலிபெருக்கி, கொழும்பிலிருந்து பிரமுகர்கள். வெறுந்தரையாகக் கிடந்த இடத்தைச் சோலையாக்கப் போகிறோம் என்று ஒருவர் மூன்று மொழியில் பேசினார். அந்தப் பேச்சைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான். கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போது கூடாரத்துக்கு வெளியே பார்த்தேன். வேலை செய்த பெண்களில் நாலு பேர், நிழலுக்கு வராமல், காணியில் ஒருவருக்கொருவர் தூரமாக, ஒவ்வொரு இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் பக்கத்தில் நின்றவளைப் பார்க்கவில்லை. சிலாபத்து அதிகாரியும் அதைக் கண்டார். என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த நிகழ்ச்சி நிரலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மரங்கள் எல்லாரும் எதிர்பார்த்ததைவிடக் கெதியாக வளர்ந்தன. முதல் இரண்டு வருஷமும் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம், கழுதைகள் வேலியைத் தள்ளி உள்ளே வராமல் காவல் வைத்தோம். மூன்றாம் வருஷம் தண்ணீரே தேவைப்படவில்லை. வெளியில் தார் வீதி உருகும் மத்தியானத்தில் உள்ளே போனால் மேலில் குளிர் தட்டும். நகரத்தில் வேறெங்கும் காணாத குருவிகள் வந்தன. பிற ஊர்களிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையும் எனக்கு வந்தது. இது பாலை, இது வீரை, இது வளர இத்தனை வருஷம் என்று சொல்லிக்கொண்டு போவேன். வடக்கு வரிசைகளுக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். "மிஸ், கேக்கேல்ல" என்று பின்னால் நிற்பவர்கள் சொல்வார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணி அனுப்ப வேண்டும், அது மானியத்தின் நிபந்தனை. மற்ற வரிசைகளில் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். வடக்கில் குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். தூங்குகிற வீட்டுக்குள் நடப்பது போல. அங்கே ஒரு கன்றும் சாகவில்லை. மற்றப் பக்கத்தைவிட அவை ஒரு முழம் உயரம். மண் அங்கே முதலில் புரட்டியதால் நன்றாகப் பதப்பட்டிருக்கும் என்று அதிகாரி சொன்னார். ஓம் என்றேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை.

நான் காப்பாற்றிய துண்டு மட்டும் காட்டுக்கு நடுவே புல்லுத் தரையாகத் திறந்து கிடக்கிறது. அங்கே வெளிச்சம் விழுவதால் வருகிறவர்கள் அதில்தான் குந்தியிருந்து சோற்றுப் பார்சல் அவிழ்க்கிறார்கள். அடுத்த கட்ட மானியம் வந்தபோது அதற்குள் நடைபாதையும் உட்கார வாங்குகளும் போடலாமா என்று அதிகாரி தொலைபேசியில் கேட்டார். அங்கே யாருமில்லை, போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு ராத்தாவிடம் போய்க் கேட்டேன்.

"அந்தத் துண்டுல யாராவது இருக்கா ராத்தா?"

"எனக்குத் தெரிஞ்ச வரையில இல்ல. ஆனா எனக்குத் தெரியாத வீடு எத்தன இருந்துது!" என்றா.

நான் அதிகாரிக்கு அழைத்து, கல்லு அப்படியேதான் இருக்கு சேர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி மிஸ், பாதைய வேலியோரமாப் போடுவம்" என்றார்.

உம்மா பல மாதம் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தா. தேத்தண்ணி வை, மருந்து முடிஞ்சுது, அவ்வளவுதான். ஓட்டோ மையவாடி வழியாகப் போனால் வாப்பாவுக்கு ஓதுவா, ஆனால் வேம்பின் பக்கம் பார்ப்பதில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அசருக்குப் பிறகு, காட்டுக்குப் போகவேண்டும் என்றா. வேலிக்கு வெளியே நின்று கையேந்தினா. அடுத்த கிழமையும் போனோம். அங்கே ராத்தாவும் நின்றா. பிறகு இன்னும் இரண்டு பேர். ஒருவரும் ஒருவரையும் வரச் சொல்லவில்லை. ஓதி முடித்ததும் கொஞ்ச நேரம் மீன் விலையும் பேரப்பிள்ளைகளின் பரீட்சையும் கதைப்பார்கள். உள்ளே போவதில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு ஓட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, உம்மா எதையோ கடையில் வாங்க மறந்ததைச் சொல்வது போல ஒரு பெயரைச் சொன்னா. பெண் பிள்ளையின் பெயர். காய்ச்சலுக்குள் கிடந்தபோதே வைத்ததாம். வாப்பாவுக்கும் சொல்லவில்லையாம். "ஓதக்குள்ள நீயும் அந்தப் பேரச் சொல்லு" என்றா. சொல்லி வருகிறேன். அதை இங்கே எழுதமாட்டேன்.

என்னை மன்னித்துவிட்டாவா என்று நான் கேட்டதில்லை. கடந்த வருஷத்திலிருந்து உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. வேலிக்கு அப்பால் பச்சையாக ஏதோ அசைவது மட்டும் தெரிகிறதாம். அதனால் இப்போதெல்லாம் என்னை உள்ளே அனுப்புகிறா. "வடக்குப் பக்கம் போய்ப் பாத்திட்டு வா. உள்ளதச் சொல்லு. நீயாச் சேர்க்காத" என்பா ஒவ்வொரு முறையும்.

போன கிழமையும் போனேன். செருப்பை வேலியடியில் விட்டுவிட்டு நடந்தேன். திரும்பி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உம்மாவிடம் கண்டதைச் சொன்னேன்: நாவல் பூத்திருக்கிறது. கீழே எறும்புப் புற்று ஒன்று புதிதாக எழும்பியிருக்கிறது. ஒரு பாம்புச் சட்டை, காய்ந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன யோகட் கோப்பை ஒன்று கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். வெயில் உள்ளே விழவில்லை.

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல உம்மா."

உம்மா தலையைச் சாய்த்து, நான் சொன்னது உண்மைதானா என்று என் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தா.